பத்து யூரோவுக்குள் ஒரு நல்ல சிவப்பு ஒயின்: பொஜொலே-வில்லாஜ், காமே திராட்சை, கூடச் சாப்பிட ஏற்றவை

நதிக்கரை (லியோன்)

சென்ற சனிக்கிழமை வீட்டில் எட்டுப் பேருக்கு விருந்து. மைத்துனர் பாரிஸிலிருந்து வரும்போது முப்பத்தைந்து யூரோ கொடுத்து ஒரு போர்தோ ஒயின் வாங்கி வந்திருந்தார். ஆட்டுக்கறி வறுவலோடு அதைக் குடித்தவர்கள் இரண்டு மிடறுக்குப் பிறகு கோப்பையை ஓரமாக வைத்துவிட்டார்கள். ஒயினில் குறை ஒன்றும் இல்லை. மிளகும் மிளகாயும் ஏறிய நாக்கில் அதன் துவர்ப்பு பச்சை வாழைக்காயைக் கடித்தாற்போல் பற்றிக்கொண்டது. பிறகு குளிர்பதனப் பெட்டியில் இருந்த எட்டு யூரோ பொஜொலே-வில்லாஜ் பாட்டிலை எடுத்துத் திறந்தேன். சோறு முடிவதற்குள் அது முடிந்துவிட்டது. மைத்துனர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைப் பற்றி எழுது என்றார். அதனால் எழுதுகிறேன்.

பொஜொலே என்பது லியோன் நகருக்கு வடக்கே, மாக்கோன் ஊருக்குத் தெற்கே, சோன் ஆற்றின் மேற்குக் கரையில் எழும் குன்றுகளின் பெயர். அங்கே பயிராவது ஏறக்குறைய முழுவதும் ஒரே திராட்சை, காமே. அதன் முழுப்பெயர் 'வெள்ளைச் சாறுள்ள கறுப்பு காமே' என்று பொருள்படும். காமே வகைகளில் சதையே சிவந்திருப்பவையும் உண்டு. அவற்றிலிருந்து பிரித்துக்காட்டத்தான் இந்தப் பெயர்.

மாணவனாக இருந்தபோது இரண்டு ஆண்டுகள் செப்டம்பரில் அங்கே திராட்சை பறிக்கப் போனேன். கொடி என்றதும் பந்தலை நினைக்க வேண்டாம். பழைய தோட்டங்களில் ஒவ்வொன்றும் முழங்கால் உயரக் குத்துச்செடியாக, நாலைந்து கிளைகளை விரித்த கை போல நிற்கும். குனிந்தே பறிக்க வேண்டும். மூன்றாம் நாள் முதுகு நம்முடையதாக இருக்காது. முதல் நாள் தோட்டக்காரர் ஒரு பழத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துப் பிதுக்கச் சொன்னார். சாறு தண்ணீர் போல் தெளிவாக ஓடியது. தோலை விரலால் தேய்க்கச் சொன்னார். விரல் நாவற்பழம் தின்றது போல் ஆகிவிட்டது. நிறம் தோலில் இருக்கிறது, புளிப்பு சாற்றில் இருக்கிறது, இரண்டையும் எவ்வளவு நேரம் ஒன்றாக வைக்கிறோம் என்பதுதான் எங்கள் தொழில் என்றார். அந்தத் தோல் மெல்லியது. ஆகவே துவர்ப்பு குறைவு, புளிப்பு நன்றாக உண்டு. காரமான சாப்பாட்டுக்கு அது பொருந்துவதன் காரணம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

---

கறிவேப்பிலை (துலூஸ்)

அண்ணா, பொஜொலே என்றால் நவம்பரில் கடைவாசலில் அடுக்கிவைப்பார்களே, அதுதானே? இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். மூக்கருகே கொண்டுபோனால் வாழைப்பழ மிட்டாய் வாசனை. நாக்கில் தண்ணீராக ஓடிவிட்டது. மீதியைச் சமையலில் ஊற்றினேன். அதையா இவ்வளவு பாராட்டுகிறீர்கள்?

---

நதிக்கரை

நீங்கள் வாங்கியது பொஜொலே நூவோ, அதாவது புது ஒயின். நான் சொல்வது பொஜொலே-வில்லாஜ். இரண்டும் ஒரே திராட்சை, ஒரே வட்டாரம் என்றாலும் செய்கிற விதத்தில் வேறுபாடு இருக்கிறது.

நூவோ ஒயினைப் பறித்த சில வாரங்களிலேயே விற்கிறார்கள். நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமை அதற்கு நாள். 1951-இல் முதலில் அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகள் நவம்பர் 15 என்று இருந்ததை 1985-இல் வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள். அவ்வளவு விரைவில் பாட்டிலில் அடைக்க வேண்டுமென்றால் தோலும் சாறும் சேர்ந்திருக்கக் கிடைப்பது நான்கைந்து நாள்தான். நிறம் வரும், மணம் வரும், உடல், அதாவது வாயில் தெரியும் கனம், வராது.

வாழைப்பழ வாசனைக்கும் காரணம் உண்டு. அங்கே திராட்சையை நசுக்குவதில்லை. முழுக் குலைகளைக் காம்போடு பெரிய தொட்டியில் கொட்டி மூடிவிடுகிறார்கள். பறிக்கும்போது கூடையில் பழம் உடையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்களைப் படுத்தியது இதற்காகத்தான். அடியில் இருக்கும் பழங்கள் மேலே இருப்பவற்றின் பாரத்தில் உடைந்து சாறுவிட்டு, அந்தச் சாறு நொதிக்கத் தொடங்கும். அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டியை நிரப்பும். காற்றில்லாத அந்த வாயுவுக்குள் உடையாத பழங்கள் ஒவ்வொன்றும் தனக்குள்ளேயே, தோல் கிழியாமல், ஏறக்குறைய இரண்டு விழுக்காடு ஆல்கஹால் வரை தானாக நொதித்துவிடும். பிறகுதான் வெடிக்கும். இப்படி உள்ளுக்குள் நொதித்த பழம் துவர்ப்பைக் குறைவாகவும் பழமணத்தை நிறையவும் தரும். ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளும் உருவாகும். வாழைப்பழத்தின் வாசனை அந்தப் பொருளின் வாசனைதான். சில வகை ஈஸ்ட்டுகளைச் சேர்த்தால் அது இன்னும் தூக்கலாக வரும்.

வில்லாஜ் ஒயினில் இதே முறையை நிதானமாகச் செய்கிறார்கள். தொட்டியில் கூடுதல் நாட்கள், பிறகு பல மாத ஓய்வு. மறு ஆண்டு வசந்தத்தில் கடைக்கு வரும்போது வாழைப்பழம் அடங்கி, செர்ரியும் ராஸ்பெர்ரியும் ஊதாப்பூவும் மேலே வந்திருக்கும்.

---

பழைய தக்கை (பாரிஸ்)

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே உணவகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். முதலில் குசினியில் கோப்பை கழுவினேன். பிறகு சமைத்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் வைன் நிலவறை என் பொறுப்பில் இருந்தது. நதிக்கரைத் தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். ஒரு விடயத்தில் மட்டும் மறுத்துப் பேச வேண்டும்.

நூவோவை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அந்த ஆண்டு மழை எப்படி, வெயில் எப்படி, பழம் எப்படி என்று வாயில் தெரிந்துகொள்ள முதல் வாய்ப்பு அதுதான். அறுவடை முடிந்த தோட்டக்காரருக்குக் கையில் காசு கிடைக்கும் முதல் நாளும் அதுதான். ஜோர்ஜ் டுபோஃப் போன்ற வணிகர்கள் அதை உலகம் முழுவதும் கொண்டுபோனார்கள். ஜப்பானில் இன்றும் அதற்குப் பெரிய சந்தை உண்டு. நல்ல தோட்டத்தார் ஒருவர் ஈஸ்ட் சேர்க்காமல் செய்த நூவோவை எங்கள் முதலாளி ஒவ்வோர் ஆண்டும் வாங்குவார். அதில் வாழைப்பழம் இருந்ததே இல்லை. நசுக்கிய திராட்சைத் தோலின் வாசனை இருக்கும். பிழை எதில் வந்தது என்றால், அந்த ஒரு நாளின் ஆரவாரத்தில் மற்ற 364 நாட்களின் வைனை மக்கள் மறந்துவிட்டார்கள். கறிவேப்பிலைத் தங்கச்சிக்கு நடந்ததும் அதுதான்.

காமேக்கு இந்த அவப்பெயர் புதிதும் அல்ல. 1395-ஆம் ஆண்டு ஜூலையில், பொஜொலேக்கு வடக்கே உள்ள பர்கண்டியின் பிரபு இரண்டாம் பிலிப் ஓர் ஆணை போட்டார். காமே மிகக் கெட்ட, நம்பத்தகாத செடி. அதைப் பிடுங்கி எறியுங்கள் என்பது ஆணை. காரணம், அது அள்ளிக் கொடுத்தது. விளைச்சல் அதிகம், முன்கூட்டியே பழுக்கும், பினோ நுவார் என்ற பர்கண்டித் திராட்சையைப் போல் சீராட்ட வேண்டியதில்லை. குடியானவனுக்குப் பிடித்துப்போயிற்று. பிரபுவுக்கோ பர்கண்டி வைனின் பெயர் கெட்டுவிடும் என்ற கவலை. பின்னாளில் மரபணுச் சோதனை செய்து பார்த்தால், காமே அந்தப் பினோவின் பிள்ளைதான். பினோவுக்கும் குவே என்ற ஏழைக் குடியானவர்களின் வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது.

தெற்கே பொஜொலேயில் அதற்குச் சொந்த மண் கிடைத்தது. வடபாதிக் குன்றுகளில் கருங்கல் உதிர்ந்த மணல் மண். அங்கே காமே அளவாகக் காய்க்கும், மணமாகப் பழுக்கும். தென்பாதியில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். அங்குள்ள ஊர்களில் வீடெல்லாம் தேன்நிறக் கல்லால் கட்டியிருக்கும். வெறும் 'பொஜொலே' என்ற பெயரில் வருவது பெரும்பாலும் தெற்கிலிருந்து. 'பொஜொலே-வில்லாஜ்' 38 ஊர்களிலிருந்து, பெரும்பாலும் வடக்கே கருங்கல் நிலத்திலிருந்து. விலையில் ஒன்றிரண்டு யூரோதான் வித்தியாசம். அந்த ஒன்றிரண்டு யூரோவைக் கொடுங்கள்.

---

தெற்குச் சன்னல் (கிரெனோபிள்)

பயனுள்ள இழை. நான் மாணவன், பெரிய அங்காடியில்தான் வாங்க முடியும். சுவர் முழுக்கப் பாட்டில்கள். எதைப் பார்த்து எடுப்பது?

---

பழைய தக்கை

தம்பி, போத்தலில் ஒட்டியிருக்கும் அட்டையில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில், அடைத்தவர் யார் என்று. 'தோட்டத்திலேயே அடைக்கப்பட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சு வரி இருந்தால், திராட்சையை வளர்த்தவரும் வைனைச் செய்தவரும் ஒருவரே. வணிகர் பெயர் மட்டும் இருந்தால் பல தோட்டங்களின் வைனை வாங்கிக் கலந்தது. அதிலும் நல்லவை உண்டு. ஆனால் ஒரே விலையில் இரண்டும் இருந்தால் நான் முதலாவதை எடுப்பேன்.

அடுத்து ஆண்டு. வில்லாஜ் என்றால் அறுவடையிலிருந்து ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குள். கடை அடுக்கின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் ஆறு வருடப் போத்தலைத் தள்ளுபடி என்று எடுக்க வேண்டாம்.

மூன்றாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். பொஜொலேயின் மிகச் சிறந்த வைன்களின் அட்டையில் பெரும்பாலும் 'பொஜொலே' என்ற சொல்லே இருக்காது. ஊரின் பெயர் மட்டும் இருக்கும். வடக்கே பத்து இடங்களுக்குத் தனிப் பெயருரிமை உண்டு: சேன்-தாமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃபுளூரி, ஷிரூப்ள், மொர்கோன், ரெஞ்ஞே, புரூயி, கோத் தெ புரூயி. 1936 தொடங்கி ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. கடைசியாகச் சேர்ந்தது ரெஞ்ஞே, 1988-இல். இவற்றில் ரெஞ்ஞேயும் புரூயியும் சிலவேளை பத்து யூரோவுக்குள்ளேயே கிடைக்கும். மாணவர் கைக்கு எட்டிய தூரத்தில் உண்மையான ஊர் வைன் இருக்கிறது. பெயர் தெரியாததால் கடந்து போகிறோம்.

---

கறிவேப்பிலை

சரி, நேற்று ஒரு வில்லாஜ் வாங்கி வந்திருக்கிறேன். தோட்டத்தில் அடைத்தது. அட்டையில் 12.5 விழுக்காடு ஆல்கஹால் என்று இருக்கிறது. எதனோடு சாப்பிடுவது? லியோன்காரர்கள் எதனோடு சாப்பிடுகிறார்கள் என்றும் சொல்லுங்கள், நம் வீட்டில் எதனோடு பொருந்தும் என்றும் சொல்லுங்கள்.

---

நதிக்கரை

லியோனுக்கு மூன்று ஆறுகள் என்று இங்கே சொல்வார்கள்: ரோன், சோன், பொஜொலே. அந்த மூன்றாவது ஆறு ஓடும் இடம் பூஷோன் என்ற சிறு உணவகங்கள். அங்கே 46 சென்டிலிட்டர் கொள்ளும், அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் குப்பியில் ஒயினை ஊற்றி மேசையில் வைப்பார்கள். 'பொ' என்று பெயர். தூக்கினால் கையில் கனம் தெரியும். காலியான பிறகும் சாயாது.

அதனோடு வருவது பன்றித் தொத்திறைச்சி, குடல் வறுவல், மீனைக் கூழாக்கி வேகவைத்த கெனெல், பன்றிக்கொழுப்பு வறுத்துப் போட்ட கீரைத் தட்டு. எல்லாம் கொழுப்பு. கொழுப்பைக் கழுவிவிடும் புளிப்பு ஒயினில் இருக்க வேண்டும். காமேயில் இருக்கிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு 'செர்வெல் தெ கானூ' என்று ஒன்று உண்டு. பட்டு நெசவாளியின் மூளை என்று பொருள். ஆனால் மூளை எதுவும் அதில் கிடையாது. தயிரைப் போன்ற புதுப் பாலாடைக்கட்டியில் நறுக்கிய சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், கொஞ்சம் வினிகர், ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து அடித்தது. நம் வெங்காயப் பச்சடிக்கு ஒன்றுவிட்ட சகோதரி. நெசவாளிகள் விடியற்காலை முதல் தறியில் இருந்துவிட்டுக் காலையிலேயே இதையும் தொத்திறைச்சியையும் ஒரு குப்பி பொஜொலேயையும் வைத்துச் சாப்பிட்ட பழக்கம் 'மாஷோன்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

பொஜொலேக்குள்ளே போனால் இன்னொன்று. திராட்சை பிழிந்த சக்கையின்மேல் தொத்திறைச்சிகளை அடுக்கி, அந்தச் சக்கையின் ஆவியிலேயே வேகவைப்பார்கள். அறுவடை முடிந்த வாரம் எங்களுக்கு அதைப் பரிமாறினார்கள். மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் புளித்த பழமும் வெந்த கொழுப்பும் கலந்திருந்தன. உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, நடுவில் பிளந்து வெண்ணெய் வைத்திருந்தார்கள். நான் இந்த ஊரிலேயே தங்கிவிட்டதற்கு அந்தச் சாப்பாடும் ஒரு காரணம்.

நம் வீட்டுக்கு: மிளகுக் கோழி வறுவல், கோழிப் பிரட்டல், சிவக்க வறுத்த உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் எண்ணெய்ப் பொரியல். எண்ணெயும் மசாலாவும் கருகிய ஓரமும் உள்ளவை எல்லாம் பொருந்தும்.

---

பழைய தக்கை

மீனுக்கும் ஒரு சொல். சிவப்பு வைனும் மீனும் சேராது என்பார்கள். துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைனை மீனோடு குடித்தால் பலருக்கு வாயில் இரும்பு நக்கியது போல் இருக்கும், உண்மைதான். காமேயில் துவர்ப்பு குறைவு என்பதால் பொரித்த மீனோடு, சூரை மீன் கறியோடு நான் வீட்டில் குடிக்கிறேன். ஆனால் பழப்புளி நன்றாக விட்ட மீன் குழம்பு என்றால் வேண்டாம். புளியின் முன்னால் எந்தச் சிவப்பு வைனும் சப்பென்று ஆகிவிடும்.

---

வடமேற்குக் காற்று (அவிஞ்ஞோன்)

நான் எதிர்க்கட்சி. இந்த விலைக்கு எங்கள் ரோன் ஆற்றுப் பக்கத்து ஒயின் கோத் தியூ ரோன் இருக்கும்போது காமே எதற்கு? எங்கள் பக்கத்தில் கிரெனாஷ் திராட்சை. வெயிலில் பழுத்தது. கூடவே சிரா, முர்வெத்ர் திராட்சைகளையும் சேர்ப்பார்கள். கறுத்த பழம், மிளகு, மலைப்புதர் மணம். ஏழு யூரோவில் வாய் நிறையும். ஆட்டிறைச்சிக்கு ஈடுகொடுக்க உடல் வேண்டாமா? பொஜொலே என்றால் கோடையில் தாகத்துக்குக் குடிப்பது என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள்.

---

நதிக்கரை

கோத் தியூ ரோன் எனக்கும் பிடிக்கும். குளிர்காலத்தில் அடுப்பில் ஐந்து மணி நேரம் கிடந்த ஆட்டுத் தொடைக்கு அதைத்தான் திறப்பேன். அதில் காரம் கிடையாது. பூண்டும் தைம் இலையும் மட்டும். சண்டை வருவது மிளகாயோடுதான். கிரெனாஷ் சர்க்கரை ஏறும் திராட்சை. உங்கள் பாட்டில்களில் 14, 14.5 விழுக்காடு சாதாரணம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பும் கூட்டும். பழச்சுவையும் குளிர்ச்சியும் ஆற்றும். ஒரே கோழி வறுவலை வைத்து இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை குடித்துப் பாருங்கள். தீர்ப்பை உங்களிடமே விடுகிறேன்.

---

வடமேற்குக் காற்று

செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை மிளகாய் தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி வறுவல், இரண்டு கோப்பை. முதல் கவளத்துக்கு என் ரோன் ஒயின் நன்றாகவே இருந்தது. நாலாவது கவளத்தில் தொண்டை எரிந்தது. பக்கத்துக் கோப்பைக்குக் கை தானாகப் போயிற்று. காரத்துக்குக் காமே என்பதை ஏற்கிறேன். மிளகாய் இல்லாத ஆட்டிறைச்சியில் என் கட்சி மாறவில்லை.

---

கறிவேப்பிலை

என் பாட்டிலையும் திறந்தேன். ஆனால் எனக்கு நீங்கள் எழுதிய அளவுக்கு இல்லை. பழம் இருந்தது, கொஞ்சம் கனமாக, மதுவாடை மேலே நின்றது. சமையலறை அலமாரியில் இருந்ததை அப்படியே எடுத்தேன். அதில் ஏதும் தவறா?

---

பழைய தக்கை

அதுதான் தவறு, தங்கச்சி. துலூஸில் இந்த மாதத்தில் சமையலறை 25 பாகையாவது இருக்கும். 'அறை வெப்பநிலையில் பரிமாறுக' என்ற வழக்கம் வீடுகளில் வெப்பமூட்டி இல்லாத காலத்தது. அன்றைய அறை 16, 17 பாகை. காமேக்கு அதைவிடக் குறைவாக, 12 முதல் 14 பாகை வேண்டும். வெப்பமானி தேவையில்லை. குடிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மேசைக்கு வரும்போது போத்தலின் கழுத்தைத் தொட்டால் கிணற்றடிச் செம்பு போல் சில்லென்று இருக்க வேண்டும். பனிக்கட்டி போல் அல்ல. மறந்துவிட்டால் ஒரு வாளியில் தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள்.

நான் வேலை செய்த ஓர் உணவகத்தில் போத்தல்களைக் கோப்பி இயந்திரத்துக்கு மேல்தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். நாள் முழுதும் சூடு. நல்ல மொர்கோன் வைனை வாடிக்கையாளர்கள் பாதியில் விட்டுப்போவார்கள். நிலவறைக்கு மாற்றச் சொல்லி நான் ஒரு வருடம் கேட்டேன். மாற்றிய மாதமே அதே வைன், அதே விலை, போத்தல் போத்தலாக ஓடியது. அது என் மனத்திலிருந்து போகாத பாடம்.

---

கறிவேப்பிலை

மீதியிருந்த அரைப் பாட்டிலைத் தக்கை போட்டு உள்ளே வைத்திருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று மதியம் எடுத்து ஒரு வாய் குடித்தேன். வேறு ஒயின் போல் இருக்கிறது. மதுவாடை அடங்கி, செர்ரி முன்னால் வந்துவிட்டது. ஒரு நாள் கழிந்தும் கெடவில்லையே!

---

பழைய தக்கை

குளிரில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் ஆனால் கோழியில் ஊற்றலாம். பர்கண்டியில் முட்டையை இந்தக் குழம்பில் போடுவார்கள்: வெங்காயமும் பன்றிக்கொழுப்பும் வதக்கி, சிவப்பு வைனை ஊற்றிப் பாதியாகச் சுண்டவைத்து, அதில் உடைத்த முட்டையை அப்படியே இறக்கி வேகவைத்து, பூண்டு தேய்த்த வாட்டிய ரொட்டிமேல் வைப்பது. குழம்பு கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். முட்டையை வெட்டினால் மஞ்சள் கரு அதில் ஓடும். கனமான வைனில் செய்தால் கசக்கும், காமேயில் கசக்காது.

---

தெற்குச் சன்னல்

ஐயா, மொர்கோன் என்று எழுதினீர்கள். பத்து ஊர்களில் எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பெயர் வருகிறது. என்ன சிறப்பு? பட்டம் பெறும் நாளுக்கு ஒரு பாட்டில் வாங்க நினைக்கிறேன்.

---

பழைய தக்கை

வாழ்த்துகள் தம்பி. மொர்கோன் விலை பத்து யூரோவைத் தாண்டும். பட்டத்துக்கு அது தகும்.

வில்லியே-மொர்கோன் ஊருக்கு மேலே கோத் தியூ பி என்று ஒரு குன்று. மற்ற இடங்களில் இளஞ்சிவப்புக் கருங்கல் என்றால் இங்கே நீலச்சாம்பல் நிறப் பாறை, உதிர்ந்து நொறுங்கிக் கிடக்கும். ஊர்க்காரர்கள் அதை 'அழுகிய பாறை' என்கிறார்கள். அங்கே விளையும் காமே இளமையில் இறுக்கமாக இருக்கும். ஐந்தாறு ஆண்டு போனால் செர்ரி ஊறல் போல் ஆகும். இப்படி முதிர்வதைக் குறிக்க, ஊரின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். அந்த வைன் 'மொர்கோனாகிறது' என்பார்கள்.

இன்னொரு சிறப்பு மனிதர்கள். ஜூல் ஷொவே என்று ஒருவர், 1907 முதல் 1989 வரை வாழ்ந்தவர், லா ஷாப்பெல் தெ கெஞ்ஷே ஊரில் வைன் வணிகர், வேதியியலும் தெரிந்தவர். திராட்சை நலமாக இருந்தால், கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகமும் கடையில் வாங்கிய ஈஸ்ட்டும் இல்லாமலே தூய வைன் செய்யலாம் என்று அவர் காட்டினார். பூச்சிமருந்தும் உரமும் கொட்டிய காலத்தில் அதைக் கேட்டவர் சிலரே. மொர்கோனின் மார்செல் லப்பியேர் கேட்டார். ஃபொயார், தெவெனே, பிரெத்தோன் ஆகிய அண்டைத் தோட்டத்தாரும் சேர்ந்தார்கள். இன்று உலகெங்கும் 'இயற்கை வைன்' என்று பேசப்படுவதன் தொடக்கங்களில் ஒன்று, நாம் மலிவு என்று கடந்துபோகும் இந்தக் குன்றில் இருக்கிறது. லப்பியேர் 2010-இல் இறந்துவிட்டார். அவருடைய வைனை ஒருமுறை நிலவறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சுவைத்தேன். கலங்கலாக இருந்தது. கோப்பையில் மூக்கை வைத்தபோது மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் நிற்பது போல் இருந்தது.

பத்து ஆண்டு வைக்க வேண்டுமென்றால் மூலான்-ஆ-வான் வாங்குங்கள். பழைய காற்றாலை ஒன்றின் பெயர் அது. ஆலை இன்றும் திராட்சைக்கு நடுவே நிற்கிறது. மண்ணில் மாங்கனீசு இருக்கிறது, செடி குறைவாகவே காய்க்கும், சாறு கெட்டியாகும். முதிர்ந்த மூலான்-ஆ-வானைக் கண்ணைக் கட்டிக் கொடுத்தால் அனுபவசாலிகளே பர்கண்டிப் பினோ என்பார்கள். 1395-இல் விரட்டப்பட்ட பிள்ளைக்குத் தாயின் முகம் வருவது போல.

---

வடமேற்குக் காற்று

ஒரு கவலையையும் எழுதிவைக்கிறேன். வெயில் கூடிக்கொண்டே போகிறது. 2003-இல் பொஜொலேயில் ஆகஸ்ட் நடுவிலேயே பறித்துவிட்டார்கள். முன்பெல்லாம் செப்டம்பர். சமீப ஆண்டுகளின் சில பாட்டில்களில் 14 விழுக்காடு பார்த்தேன். அப்படியென்றால் உங்கள் காமே என் கிரெனாஷை நெருங்கிவிடும், காரத்துக்கு ஏற்றது என்ற சிறப்பும் போய்விடும்.

---

நதிக்கரை

உண்மையான கவலை. காமே சீக்கிரம் துளிர்க்கும் செடி. குளிர்காலம் வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் முந்தித் துளிர்த்து, ஏப்ரல் உறைபனியில் கருகிவிடும்; 2021-இல் பிரான்ஸ் முழுவதும் தோட்டக்காரர்கள் இரவெல்லாம் மெழுகுச் சட்டிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருந்தார்கள். கோடையில் சர்க்கரை ஏறும். அதனால் நான் இப்போது அட்டையில் ஆல்கஹால் அளவையும் பார்த்துத்தான் எடுக்கிறேன். 13-க்கு மேல் போனால் வைத்துவிடுவேன். வெப்பமான ஆண்டுகளில் உயரமான இடங்களைத் தேடுவேன். பத்தில் மிக உயரத்தில் இருப்பது ஷிரூப்ள். அங்கே பழம் மெல்லப் பழுக்கிறது, புளிப்பு நிற்கிறது.

ஷிரூப்ள் சதுக்கத்தில் விக்தோர் புல்லியா என்பவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபில்லோக்செரா என்ற வேர்ப்பேன் பிரான்ஸின் கொடிகளை அழித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் நம் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்கும் என்று ஊர் ஊராகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். புரூயி மலையுச்சியில் திராட்சை மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் உண்டு. அதற்கும் முன்பு 1850-களில் சாம்பல்நோய் தோட்டங்களைத் தின்றபோது நேர்ந்துகொண்டு கட்டியது. இந்தக் குன்றுகள் பலமுறை விழுந்து எழுந்தவை. அவர்கள் விட்டுவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

விலை ஏறினாலும் காமேக்கு வேறு ஊர்கள் இருக்கின்றன. லுவார் ஆற்றின் மேல்பகுதியில் கோத் ரோஅனேஸ் என்ற பெயரைத் தேடுங்கள். அங்கும் மலைச்சரிவு, அங்கும் காமே. பெயர் அறியப்படாததால் பத்து யூரோவுக்குக் கீழேயே கிடைக்கிறது.

---

கறிவேப்பிலை

அந்தப் பெயரையும் எழுதிவைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமியாரும் மாமனாரும் வருகிறார்கள். அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், போர்தோவைத் தவிர வேறு எதையும் வாங்காதவர்கள். கோழிப் பிரட்டல், உருளைக்கிழங்கு வறுவல், அண்ணா சொன்ன செர்வெல் தெ கானூவில் கொஞ்சம் பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டு ஒரு கிண்ணம். ஒரு ரெஞ்ஞே கிடைத்தது, ஒன்பது யூரோ தொண்ணூறு சென்ட், 12.5 விழுக்காடு. பத்து மணிக்குப் பெட்டியில் வைக்க வேண்டும், பன்னிரண்டுக்கு மேசை. எப்படிப் போயிற்று என்று திங்கட்கிழமை எழுதுகிறேன்.

---

பழைய தக்கை

கடைசி நேரத்தில் ஒன்று, தங்கச்சி. பாலாடைக்கட்டியையும் முன்னதாக வெளியே எடுத்து வையுங்கள். வைன் சில்லென்று இருக்கலாம், கட்டி சில்லென்று இருக்கக் கூடாது. செம்மறி, வெள்ளாட்டுக் கட்டி எதுவானாலும் சரி. அவர்கள் காரில் வருகிறார்கள் என்றால் ஓட்டுகிறவருக்கு ஒரு கோப்பையோடு நிறுத்திவிடுங்கள்.

---

கறிவேப்பிலை

திங்கட்கிழமை. மாமனார் முதல் கோப்பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு வெளிறிய நிறமா என்றார். பிரட்டலை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் குடித்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது கோப்பைக்கு நீட்டினார். ஓட்டி வந்தது மாமியார். ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, மிச்சமிருந்த கால் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார். தக்கையை அழுத்திக் கொடுத்தனுப்பினேன்.